கறிவேப்பிலை வாங்கப் போகிறேன்

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி துறைக்கு வந்தாள். கையில் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளைக்கு நியூயார்க்கில் வேலை. எம்.ஏ. முடித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாளே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அப்புறம் பார்த்துக்கலாம் மேம்" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்று, "நீங்க அங்க இருந்தீங்கள்ல மேம்? நம்ம சாமானெல்லாம் அங்க எங்க கிடைக்கும்? அம்மா அதையேதான் கேட்டுட்டு இருக்காங்க" என்றாள்.

ஒரு தாளில் ஐந்தாறு இடங்களை எழுதிக் கொடுத்தேன். எந்த ரயில், எந்த நிறுத்தம், எந்தத் தெரு. அவள் போன பிறகு, எழுதியது பாதிதான் என்று தோன்றியது. மீதிப் பாதி இது.

2012-ல் கணவரின் வேலைக்காக நாங்கள் நியூயார்க் போனோம். கல்லூரியில் ஊதியமில்லா விடுப்பு எடுத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது எச்-4 விசா. வேலைக்கு வருபவரைச் சார்ந்து வருபவர்களுக்கான விசா அது. அப்போது அந்த விசாவில் இருந்த யாரும் வேலை செய்ய முடியாது. வேலை இல்லாததால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடையாது. வாடகை ஒப்பந்தம், செல்போன் இணைப்பு, மின்கட்டணம் எல்லாமே அவர் பெயரில். 2015-ல் ஒரு விதி வந்தது. கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், மனைவி வேலை அனுமதி கேட்கலாம். அதாவது அவள் வேலைக்குப் போகலாமா என்பது அவருடைய கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என் கணவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடர முடியாது என்று நான் நினைப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்தான். அவர் என்னை வெளியே போகாதே என்று சொன்னதில்லை. காலையில் கிளம்பும்போது "இன்னைக்கு எங்கயாவது போறியா?" என்று கேட்பார், அவ்வளவுதான். ஆனால் சம்பாதிக்காதவளிடம் கேட்கப்படும்போது அந்தக் கேள்வியின் எடை வேறு. நூலகத்துக்கு என்று சொன்னால் அடுத்து ஒரு "எதுக்கு?" இருந்தது. சும்மா நடக்க என்றால் "இந்தக் குளிர்லயா?" இருந்தது. ஒரே ஒரு பதிலுக்கு மட்டும் மறுகேள்வி இல்லை: "கறிவேப்பிலை வாங்கப் போறேன்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் நியூயார்க்கைச் சுற்றினேன்.

நாங்கள் இருந்தது குவீன்ஸ் பகுதியின் சன்னிசைடில். வீட்டுக்குப் பக்கத்திலேயே 7-ஆம் எண் ரயில். குவீன்ஸில் அது பெரும்பாலும் தரைக்கு மேலே, தூண்களின் மீது ஓடும். கீழே ரூஸ்வெல்ட் அவென்யூ. கிழக்கே போகப் போகக் கடைப்பலகைகளின் எழுத்துகள் மாறிக்கொண்டே வரும். முதலில் பிலிப்பினோ, பிறகு வங்காளம், இந்தி, திபெத்தியம், பிறகு நெடுந்தூரம் ஸ்பானிஷ், கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங்கில் சீனமும் கொரியமும்.

எங்கே எது கிடைக்கும் என்று எனக்குச் சொன்னவை வழிகாட்டிப் புத்தகங்கள் இல்லை. இரண்டு சக்கர இழுவண்டியோடு ரயிலேறும் பெண்கள். அந்த வண்டியைப் பார்த்தால் பின்னால் போகலாம், நல்ல கடை ஒன்றில் கொண்டுபோய் விடும். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனிடம் எந்த வழியில் போனால் எந்த வீட்டில் என்ன சாப்பிடலாம் என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளில் பேசுவது ஆண். கூட வரும் விறலியை அவன் வருணிப்பான். ரயிலில் என்னை ஆற்றுப்படுத்தியவர்கள் எல்லோரும் பெண்கள். அரிசிப் பையை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, "அந்தக் கடையில் வாங்காதே, செவ்வாய்க்கிழமைதான் புதுச் சரக்கு வரும்" என்று தெரியாத மொழியில் கையாட்டிச் சொன்னவர்கள்.

முதலில் ஜாக்சன் ஹைட்ஸ். 74-வது தெருவில் இறங்கினால் நகைக்கடை, புடவைக்கடை, இனிப்புக்கடை, பெரிய மளிகைக்கடை. கறிவேப்பிலை சின்னப் பிளாஸ்டிக் உறையில் ஒரு டாலருக்கு இருந்தது. ஊரில் கொத்தமல்லியோடு கொசுறாகக் கிடைப்பதற்கு இங்கே விலை. வெளிநாட்டிலிருந்து கறிவேப்பிலையைக் கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. அது எலுமிச்சைக் குடும்பச் செடி. ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு பூச்சி அதில் தங்கும். பெட்டியில் ஒளித்து எடுத்து வந்த பல மாமியார்களின் கறிவேப்பிலை விமான நிலையக் குப்பைத் தொட்டியில்தான் முடிந்திருக்கிறது.

அடுத்த தெரு, 73-வது. அங்கே வங்காளதேசக் கடைகள் அதிகம். அப்படி ஒரு கடையின் உட்பக்கத்தில் நான் மாதக்கணக்காகத் தேடியது இருந்தது: கருவாடு. அவர்கள் ஷுட்கி என்கிறார்கள். ஊரில் எங்கள் வீட்டு வாசனை அது. அதுவரை எனக்குக் காட்டப்பட்ட "நம்ம சாப்பாடு" வேறு மாதிரி இருந்தது. மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில், 1944-ல் ஓர் ஆர்மீனியர் தொடங்கிய கலுஸ்டியன்ஸ் என்ற மசாலாக் கடையைச் சுற்றி இந்திய உணவகங்கள் வரிசையாக உண்டு. அங்கே தென்னிந்தியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் இட்லி, தோசை, சாம்பார். வார இறுதி விருந்து ஒன்றில், கருவாடு எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டதும் பேச்சு ஒரு கணம் நின்றது. ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே, "நீங்க அதெல்லாம் சாப்பிடுவீங்களா? பிஎச்.டி.னு சொன்னாங்க?" என்றார். முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால்கூட அது உணவைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

பெரும்பாணாற்றுப்படையை நான் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அதில் எயினர் குடியிருப்பில் உடும்பு வறுவலோடு சோறு கிடைக்கும். உழவர் வீட்டில் கோழி. வலைஞர் குடியிருப்பில் கள்ளும் சுட்ட மீனும். கறிவேப்பிலை வருவது அந்தணர் வீட்டில், கஞ்சகம் என்ற பெயரில். மாதுளங்காயோடு வளையணிந்த ஒரு பெண் சமைக்கிறாள். அந்தப் பாட்டில் அது வழியில் உள்ள வீடுகளில் ஒன்று. கடல் கடந்த தமிழர் விருந்துகளில் பலர் அந்த ஒரு வீட்டோடு நின்றுவிட்டு, அதற்கே தமிழ்ச் சாப்பாடு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எனக்கு மற்ற வீடுகளைத் திருப்பித் தந்தவர் ஒரு வங்காளதேசக் கடைக்கார அம்மா. ஷுட்கியை மூன்று உறைகளில் கட்டிக் கொடுத்து, "அடுக்குமாடியில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமை" என்று சொல்லி அனுப்பினார்.

74-வது தெருவுக்கு இந்தப் பக்கம் உட்சைட். 69-வது தெரு நிறுத்தத்தைச் சுற்றிப் பிலிப்பினோ கடைகள். அங்கே முருங்கைக்கீரை கிடைத்தது. பெயர் மலுங்காய். விற்ற பெண்ணிடம் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். குழந்தை பெற்றவளுக்குப் பால் ஊற இதைச் சூப்பில் போட்டுக் கொடுப்போம் என்றார். எங்கள் ஊரிலும் அதற்குத்தான் என்றேன். வரிசையில் என் பின்னால் நின்றவர் ஒரு நர்ஸ், இரவுப் பணி முடிந்து வந்திருந்தார். பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு நர்ஸ்கள் வரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு அது பெருகியது. நம் கேரளத்துப் பெண்களும் அப்படி வந்தவர்கள்தான். அந்த வீடுகளில் பலவற்றில் விசா மனைவியின் பெயரில். சார்ந்து வந்தவர் கணவர். அந்தக் கடையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, மனைவி சொன்ன சாமான்களை எடுத்துவரும் ஆண்களை நான் வெட்கமில்லாமல் வேடிக்கை பார்த்தேன்.

ஃப்ளஷிங்குக்கு மாதம் ஒரு முறை. சீனக் கடைகளில் நம் கீரைகள் வேறு பெயரில் இருக்கும். யின் சாய் என்பது நம் தண்டுக்கீரை வகை. பாகற்காய், பீர்க்கங்காய், காராமணி, சேப்பங்கிழங்கு எல்லாம் இருக்கும். பௌன் தெருவில் 1977-ல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோவிலின் கீழ்த்தளத்தில் கேண்டீன் உண்டு. மற்றவர் சுட்ட தோசையை உட்கார்ந்து சாப்பிடுவதற்காகவே நான் போவேன். சாமி கும்பிட மறந்த நாட்களும் உண்டு.

மன்ஹாட்டனின் பழைய சைனாடவுனுக்கு மீன் வாங்கப் போன நாளில்தான் அங்கிருந்த சீன அமெரிக்கர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். பழைய படங்களில் தெருவெல்லாம் ஆண்கள். பெண்களே இல்லை. 1875-ல் பேஜ் சட்டம் என்று ஒன்று வந்தது. பாலியல் தொழிலுக்கு வருபவர்களைத் தடுப்பதாகச் சொன்ன சட்டம்; நடைமுறையில் சீனப் பெண்கள் எல்லோரையும் அப்படிச் சந்தேகித்து நிறுத்தியது. 1882-ல் சீனத் தொழிலாளர் வருகைக்கே தடை. அது 1943 வரை நீடித்தது. மனைவியில்லாத, கூப்பிட்டுக்கொள்ளவும் முடியாத ஆண்கள் துணி வெளுத்தார்கள், சமைத்து விற்றார்கள். இன்று நாம் தேடிப் போகும் சைனாடவுன் உணவகங்களுக்குப் பின்னால், உள்ளே வரவிடாமல் நிறுத்தப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கணக்கை ரிச்மண்ட் ஹில்லில் கண்டேன். ஏ ரயிலின் கடைசி நிறுத்தமான லெஃபர்ட்ஸில் இறங்கினால் லிபர்ட்டி அவென்யூ. கயானாவிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வந்த இந்திய வம்சாவளியினரின் கடைத்தெரு. ஒரு காய்கறிக் கடையில், அறுபது வயது இருக்கும், ஒரு கயானா அம்மா கல்லாவில் இருந்தார். கறிவேப்பிலையை எடுத்து நீட்டினேன். விலைச்சீட்டு இல்லை. அவர் உள்ளே திரும்பி யாரிடமோ சத்தமாகக் கேட்டார்: "கராபுலே என்ன விலை?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியாது, அம்மாவும் பாட்டியும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். பாட்டியின் அம்மா "மதராஸி" என்று மட்டும் தெரியும். அவருக்குத் தமிழில் வேறு ஒரு சொல்லும் தெரியாது. கறிக்குப் போடும் வேப்பிலை, அதுதான் கறிவேப்பிலை என்று பிரித்துச் சொன்னேன். "இதுக்கு அர்த்தம் வேற இருக்கா?" என்று சிரித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

1838-லிருந்து 1917 வரை பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். கல்கத்தாவிலிருந்து பெரும்பாலோர், சென்னையிலிருந்து கொஞ்சம் பேர். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று அரசு விதி வைத்திருந்தது. ஒரு நாடு சட்டம் போட்டுப் பெண்களை நிறுத்துகிறது. ஒரு பேரரசு கணக்குப் போட்டுப் பெண்களை ஏற்றுகிறது. இரண்டிலும் அவளைக் கேட்கவில்லை. என் கடவுச்சீட்டில் இருந்த எச்-4 முத்திரையை நான் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். நான் கூலியாகப் போகவில்லை, விமானத்தில் போனேன், திரும்ப ஒரு வேலை இருந்தது. அந்த வித்தியாசம் சின்னதில்லை. ஆனால் அந்தக் கப்பலில் போனவள் மொழியை இழந்தும் ஒரு சொல்லை நான்கு தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறாள். முனைவர் பட்டம் பெற்ற நான் அந்த வருடம் ஒரு கவிதைகூட எழுதவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை இருந்தது. கால் டாலர் காசு போட்டால் ஓடும் இயந்திரங்கள். அங்கேதான் அவளைப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும், தமிழ்ப் பெண், வந்து ஏழு மாதம். ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, 74-வது தெருவுக்கு எந்த ரயில்ல போகணும்?" சன்னிசைடிலிருந்து அது பத்து நிமிடம்கூட ஆகாது. ஏழு மாதத்தில் அவள் போனதில்லை. சாமான் எல்லாம் அவரே வாங்கி வந்துவிடுவாராம். கறிவேப்பிலை உட்பட.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என் அனுமதிச் சீட்டாக வைத்திருந்த வாக்கியம்கூட அவளிடம் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "எவ்வளவு நல்ல மாப்பிள்ளை, மளிகைகூட அவரே வாங்குறார்" என்பார்கள். அவளுடைய மாமியாரும் போனில் அதைத்தான் சொல்வாராம்.

ஒரு புதன்கிழமை அவளைக் கூட்டிப் போனேன். என் அட்டையைத் தேய்த்து அவளை உள்ளே விட்டேன். அப்போது கட்டணம் 2.25 டாலர். ரயிலில் உட்கார்ந்ததும் ஒன்பது கால் டாலர் காசுகளை எண்ணி என் கையில் வைத்தாள். துணிக்கு என்று எண்ணிக் கொடுக்கப்படும் காசில், பாதித் துணியைக் குளியலறையில் கையால் துவைத்துச் சேர்த்தது. வேண்டாம் என்றேன். "வாங்கிக்கோங்கக்கா, நானே வந்த மாதிரி இருக்கும்" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

74-வது தெருவில் அவள் எதுவும் வாங்கவில்லை. வாங்கினால் வீட்டில் தெரிந்துவிடும். கத்திரிக்காயைத் தொட்டுப் பார்த்தாள். புடவைக் கடைக் கண்ணாடி முன் நின்றாள். ஒரு தேநீரை இருவரும் பகிர்ந்தோம். அந்தக் கடையின் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் பயமாக இருக்கிறதா என்று நான்கைந்து தெற்காசிய மொழிகளில் கேட்டு, கீழே தொலைபேசி எண்ணைக் கிழித்துக்கொள்ளும்படி சிறு துண்டுகளாக வெட்டியிருந்தார்கள். 1985-ல் நியூஜெர்சியில் மானவி, 1989-ல் நியூயார்க்கில் சகி என்று தெற்காசியப் பெண்களே தொடங்கிய அமைப்புகள் இப்படிப்பட்ட பெண்களுக்காக வேலை செய்கின்றன. அவள் போவதற்கு முன்னால் நான் போயிருந்தேன். இரண்டு துண்டு கிழிக்கப்பட்டிருந்தது. அவள் வந்த பிறகு கைகழுவும் சாக்கில் மறுபடி போய்ப் பார்த்தேன். மூன்று.

நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். கேட்டால் அவள் பயந்து, துணி துவைக்கக்கூட வராமல் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். ஆறு வாரம் கழித்து அவள் இல்லை. மின்தூக்கியில் பார்த்த கணவர், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். நான்கு மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நான் நியூஜெர்சில இருக்கேன். நல்லா இருக்கேன். வேற ஒண்ணும் இல்லக்கா." திருப்பி அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை.

பயன்படுத்திவிட்டு எறிவதற்கு நம் பேச்சில் கறிவேப்பிலையைத்தான் உவமை சொல்வார்கள். தாளிக்கும்போது வேண்டும், சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்கப்படும். நானும் சொல்லியிருக்கிறேன். லிபர்ட்டி அவென்யூவுக்கும் அந்தப் புதன்கிழமைக்கும் பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஊர் ரசத்தின் ருசி மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெண்ணின் தலையில் கட்டித்தான் விமானம் ஏற்றுகிறார்கள். அந்த வேலையைச் சாக்காக வைத்துத்தான் என்னால் வெளியே போகவும் முடிந்தது. இரண்டும் உண்மை. கட்டிய கயிற்றின் நீளம் வரை நான் நடந்து பார்த்தேன். நல்ல வேளை, என் கயிறு 7-ஆம் எண் ரயிலின் கடைசி நிறுத்தம் வரை நீண்டது. அவளுடையது துணி துவைக்கும் அறையோடு முடிந்தது. கயிற்றின் நீளம் கணவரின் குணத்தைப் பொறுத்தது என்றால், நீளமான கயிற்றைப் பற்றிப் பெருமைப்பட என்ன இருக்கிறது?

நேற்று அந்த மாணவியை அழைத்தேன். இன்னும் சில வரி சேர்த்துக்கொள் என்றேன். பாஸ்போர்ட் உன் கையில் இருக்கட்டும். உன் பெயரில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்யாதே. நெறியாளரிடம் நான் பேசுகிறேன். போன முதல் வாரமே ரயில் அட்டை ஒன்று வாங்கிவிடு. சாமான் பட்டியல் இல்லாமலும் வெளியே போய்ப் பழகு.

"எங்க போறனு கேட்டா என்ன மேம் சொல்றது?" என்றாள்.

"சும்மாதான் போறேன்னு சொல்லிப் பாரும்மா" என்றேன்.

அந்த இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். படிப்பாள்.